சோளத்துக்கு வைத்திருந்த தண்ணீர்

முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையில் ஒரு குச்சி, வாயில் பல் துலக்கும் பிரஷ். இந்தக் கோலத்தில் பள்ளத்தின் கரையில் குனிந்து, தண்ணீர் சேற்றைத் தொடும் இடத்தில் குச்சியை ஊன்றிக்கொண்டிருக்கிறார் அத்தான். நேற்று ஊன்றிய குச்சி பக்கத்திலேயே நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் இடைவெளி இல்லை என்றால் மனிதர் அன்று நல்ல மூடில் இருப்பார். இருந்தால், யாரும் பேச்சுக் கொடுக்காமல் இருப்பது உத்தமம்.

அக்காவின் கணவர். மக்காச்சோளம் போடுகிறவர். அவருடைய வயல்களுக்கு நடுவே இந்தப் பெரிய பள்ளம் இருக்கிறது. ஆற்றில் வெள்ளம் வந்த காலத்தில் தானாக நிரம்பும். மேலே அணை கட்டிய பிறகு காய்ந்து வெடித்துக் கிடந்தது, உள்ளே நின்ற மரங்களும் மொட்டையாகிவிட்டன. இப்போது நீர்த்துறை, பறவைக்கும் மரத்துக்கும் என்றே ஆற்றுநீரில் ஒரு பங்கை ஒதுக்கி, இப்படிப் பள்ளம் வைத்திருக்கிற விவசாயிகளுக்குத் தருகிறது. தன் பம்பு, தன் வாய்க்கால் வழியாக அத்தான் அதை உள்ளே விடுகிறார். கூலி கிடையாது. "சும்மா கெடக்குற பள்ளம்தானே, குடிச்சிட்டுப் போகட்டும்" என்பார், வாசலுக்கு வந்தவருக்கு ஒரு தம்ளர் நீட்டுகிறவர்போல.

பேச்சில் மகா கஞ்சன். போனை எடுத்தால் "ம்", வைக்கும்போது "சரி". ஆனால் பள்ளத்து மரங்களில் கூடு கட்டும் நாரைகளைப் பற்றிக் கேட்டுவிட்டீர்களோ, தொலைந்தீர்கள். ஓயாமல் சண்டை போடும் ஒரு ஜோடிக்கு என் பெயரையும் என் மனைவி பெயரையும் வைத்திருக்கிறார். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அந்தக் கூட்டைக் காட்டியும் வைக்கிறார்.

போன வருஷம் பள்ளம் நிரம்பியதும் பம்பை நிறுத்திவிட்டார். பயிர்க்காரன் புத்தி. வயல் நனைந்தால் அடைத்துவிட வேண்டும், காய்ந்த பிறகு மறுபடி விட வேண்டும். நாரைகளின் கணக்கு வேறு. கூட்டுக்கு அடியில் தண்ணீர் வற்றினால், இனி இந்த இடம் ஆகாது என்று கிளம்பிவிடும். கிளம்பிவிட்டன. முட்டைகள் கூட்டிலேயே கிடந்தன. ரொம்ப நாள் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று அக்கா சொன்னாள்.

இந்த வருஷம் மறுபடி வந்தன, குஞ்சும் பொரித்தன. குஞ்சுகளுக்கு இறகு முளைத்து, இன்னும் பறக்க வராத நேரம் பார்த்து, துறை கொடுத்த பங்கு தீர்ந்துபோனது. வெயிலோ கொளுத்துகிறது. தண்ணீர் இறங்க இறங்க, குச்சிகள் ஒவ்வொன்றாகக் கரையேறி நின்றன. மிச்சம் இருந்தது சோளத்துக்கு வைத்திருந்த தண்ணீர்தான். சோளமும் கதிரில் பால் பிடிக்கும் பருவத்தில் நின்றது.

அன்று மதியம் நானும் சாப்பாட்டு மேஜையில் இருந்தேன். அந்தத் தண்ணீரைப் பள்ளத்துக்கு விடலாமா என்று அத்தான் தட்டைப் பார்த்தபடியே கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பாடுபட்டு வளர்த்த பயிரைக் காயவிட்டு நாரைக்குத் தண்ணீர் காட்டுவதா என்று கேட்டேன். அவர் அக்காவைப் பார்த்தார். நிலம் இருவர் பேரிலும் இருக்கிறது.

அக்கா, "பாதி வயலுக்கு விடுங்க, மீதிய அதுங்களுக்கு விடுங்க" என்றாள். "சோளத்த அடுத்த வருஷமும் போட்டுக்கலாம். இன்னொரு தடவ ஏமாந்தா அதுங்க நம்மள நம்பி வராது."

அத்தான் கைகூடக் கழுவாமல் எழுந்து போனார். நான் சாப்பிட்டு முடிப்பதற்குள் பம்பு ஓடும் சத்தம் கேட்டது.

மறுநாளிலிருந்து காலையில் அக்காவுக்கு அவரே டீ போட்டுத் தருகிறார். வாயில் வைக்க விளங்காத டீ. அக்கா ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடிக்கிறாள். எனக்கும் அவர்கள் இருவர்மேலும் நன்றிதான் இருக்கிறது. என் பேச்சைக் கேட்டிருந்தால் அந்த மரங்கள் இன்று காலியாக நின்றிருக்கும்.

இன்று காலை குஞ்சுகள் பறந்தன. என் பெயர் வைத்த கூட்டிலிருந்து கடைசிக் குஞ்சு தட்டுத்தடுமாறி எதிர்க்கரை மரத்தில் போய் உட்காரும்வரை அத்தான் அசையவில்லை. பிறகு வரப்பேறி, தண்ணீர் விடாத பாதி வயலுக்குப் போனார். ஓரத்தில் காய்ந்து தொங்கிய ஒரு சோளத்தட்டையின் முன்னால் நின்று, கூட உழைத்தவரின் தோளைத் தட்டுவதுபோல, அதை இரண்டு தட்டுத் தட்டிக்கொடுத்தார்.