சுவருக்குள் எத்தனை சதுர அடி?

வீட்டை அளக்க வருகிறவனை யாரும் விருந்தாளியாகப் பார்ப்பதில்லை. பல் டாக்டரைப் பார்க்கிற மாதிரிதான் பார்க்கிறார்கள். கடன் கேட்டு வருகிறவர்களின் வீட்டை வங்கிக்காக அளந்து மதிப்புப் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. இரண்டாயிரத்தையொட்டிய வருஷங்களில், செங்கல்பட்டிலிருந்து கிளம்பி, படூர் பக்கம் முளைத்த அடுக்குமாடிகளையும் மாமல்லபுரம் பக்கத்து வரிசை வீடுகளையும் டேப்பும் கையுமாகச் சுற்றி வந்தேன். இதே தொழிலில் மாட்டிக்கொண்டு முழிப்பவர்களே, உங்களுக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வேன்!

வீட்டுக்கு வெளியே உள்ள வீடு

படூரில் புதிதாக எழும்பிய அடுக்குமாடியில் ஞானசேகர் ஒரு ஃபிளாட்டுக்கு முன்பணம் கட்டியிருந்தார். மறைமலைநகரில் கார் பாகம் செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை. மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் பாகத்தைக் கழித்துப்போடுகிற மனிதர். அவர் குடும்பத்தில் சொந்தமாக வீடு வாங்கத் துணிந்த முதல் ஆள் அவர்தான். மனைவி கல்பனாவின் செயினை விற்று அந்த முன்பணம். பாக்கிக்குக் கடன் கிடைக்காவிட்டால் போனது போனதுதான்.

கலர் நோட்டீஸில் தொள்ளாயிரத்து எண்பது சதுர அடி. என் டேப்பில் அறுநூற்றுத் தொண்ணூறு. மறுபடி அளந்தேன், வீடு வளரவில்லை. மீதி எங்கே என்று விற்பனை மேலாளர் நவநீதத்திடம் கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவே இல்லை. மாடிப்படி, லிஃப்ட் குழி, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி, வாட்ச்மேன் கூண்டு என்று ஒவ்வொன்றாகக் கூட்டிப்போய்க் காட்டி, எல்லாவற்றிலும் ஞானசேகருக்குப் பங்கு உண்டு என்றார்.

"வூட்டுக்குள்ள கீறத மட்டும் அளந்துகினு போனா எப்டி சார்? வூட்டுக்கு வெளில எவ்ளோ வூடு கீது பாருங்க!"

பொதுச் சுவர்

மாமல்லபுரம் போகும் வழியில் ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள். நடுச்சுவர் இரண்டு வீட்டுக்கும் பொது, ஆளுக்குப் பாதி எழுதுவது வழக்கம். ஒரு வீட்டுக்காரர் முழுச் சுவரையும் தன் கணக்கில் எழுதச் சொன்னார். அதைக் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரரும் முழுசாக வேண்டும் என்று ஓடி வந்தார். பாதிதான் எழுத முடியும் என்று நான் கறாராகச் சொன்னதும் முதல் ஆளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"பாதி சுவரா? அப்போ இந்தாளு ஆணி அட்ச்சா பாதியோட நிறுத்திக்கச் சொல்லு சார்!"

மாதிரி வீடு

படூரில் வாடிக்கையாளர்களுக்குக் காட்டுவதற்கென்றே ஒரு ஃபிளாட்டை நவநீதம் ஜோடித்து வைத்திருந்தார். படுக்கையறை மைதானம் மாதிரி தெரிந்தது. எனக்குக் கை அரித்தது, கட்டிலை அளந்தேன். ஐந்தடி! ஆசாரியிடம் சொல்லிச் செய்த குட்டைக் கட்டில், அதற்கேற்ற குட்டி பீரோ. சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து வீடு பார்க்க வந்திருந்த ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் அதில் படுத்துப் பார்த்தார். பாதம் இரண்டும் வெளியே நின்றன. எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு மனைவியிடம் வருத்தமாகச் சொன்னார்:

"ரூம் நல்ல விசாலம்தான். நான்தான் கொஞ்சம் நீளமாப் பொறந்துட்டேன்."

அளந்த பாவம்

சுவருக்குள் இருப்பதற்குத்தான் எங்கள் வங்கி கடன் கொடுக்கும். ஞானசேகரின் வீட்டை உள்ளபடி எழுதினேன், கடன் குறைந்தது. ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியவர், நேராக என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

"தினம் தினம் அளக்கிற ஆள், வாங்குற வீட்டை ஒரு தடவை அளந்து பார்க்கலையா?" என்று கேட்டேன். நோட்டீஸில் பளபளவென்று அச்சடித்திருந்ததால் நம்பிவிட்டாராம். கண் கலங்கியிருந்தது. நான் பொய் எழுதியிருந்தால் கடன் தீரும்வரை தண்ணீர்த் தொட்டிக்கும் சேர்த்துத் தவணை கட்டியிருப்பீர்கள் என்று எடுத்துச் சொன்னேன். அவருக்கு ஏறவில்லை.

"எல்லாம் நல்லாத்தான் போய்கினு இருந்துது. நீங்க அளக்காம இருந்திருந்தா வூடு பெருசாவே இருந்திருக்கும் சார்."

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்

அந்த வாரம் அதே கட்டடத்தில் வேறொரு ஃபிளாட்டை அளக்கப் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் வீடு பார்க்க வந்தவர்கள் மாதிரி வீட்டில் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். நடுவில் ஞானசேகரின் மனைவி கல்பனா. வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவர். கழுத்தில் தொங்கிய தையல் டேப்பை எடுத்து, யாரிடமும் சண்டை போடாமல், சுவர் ஓரமாக அளக்க ஆரம்பித்தார். அளந்ததை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனார். கூட்டமும் கூடவே நகர்ந்தது. யாரோ ஒருவர் நோட்டீஸை எடுத்து ஒத்துப்பார்த்தார்.

முன்பணத்தைத் திருப்பிக் கொடு, இல்லையென்றால் உள்ள அளவுக்கு விலை போடு என்பது கல்பனாவின் கட்சி. நவநீதம் ஓடி வந்தார். இத்தனை நாள் என்னிடம் சிரித்தே பேசிய மனிதருக்கு முதல் தடவையாக வியர்த்ததைப் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது, மறைக்கவில்லை.

"அம்மா, டேப்ப மொதல்ல சுருட்டும்மா! இன்னா ரேட்டு வோணும், ஆபீஸ்ல வந்து சொல்லு!"

பால் காய்ச்சிய அன்று

கிடைத்த கடனுக்கு அடங்கும்படி விலை இறங்கியது. பால் காய்ச்சும் நாளுக்கு ஞானசேகர் என்னையும் அழைத்தார். சொந்தக்காரர்கள் கூடத்தை அடைத்துக்கொண்டு நின்றார்கள். புதுச் சட்டையில் அவரைப் பார்த்ததும், பொய் எழுதாமல் இருந்தோமே என்று எனக்குள் ஒரு கர்வம் எட்டிப் பார்த்தது. அதற்குள் அவர் என் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப்போய்க் காதோடு சொன்னார்:

"இவரு பேங்குக்கு வூடு அளக்குறவருன்னு மாமனாராண்ட சொல்லி வச்சிகீறேன். கேட்டாருன்னா, தொள்ளாயிரத்து எண்பதுன்னே சொல்லிடுங்க சார்!"

சக டேப்காரர்களே, நம் தொழிலில் அளந்து சொல்வதற்குக் கூலிதான், அளந்ததை மறப்பதற்குத்தான் வடை பாயசத்தோடு சாப்பாடு.