டீமேக்கரம்மாவின் கம்பளி

நாங்கள் சமைக்கிற குசினியின் கதவுக்குப் பின்னால் ஒரு கறுப்புக் கம்பளி ஆணியில் தொங்குகிறது. அதன் கீழ் மூலையில் ஒரு கிழிசல். தையல் தெரியாத ஒருவர் அதைச் சிவப்பு நூலால் இழுத்துப் பிடித்துத் தைத்திருக்கிறார். மழைக்காலம் தொடங்கிவிட்டால் அது ஈரத்தை வாங்கிக் கனத்துப் போகும். ஆட்டு வாடை குசினி முழுக்கப் பரவும். தேயிலைத் தோட்டத்தில் கம்பளி என்றால் கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் தலையிலிருந்து முதுகு வரை மடித்துப் போட்டுக்கொள்வது. கிளாக்கர் வீட்டில் அதற்கு என்ன வேலை என்று வருகிறவர்கள் வாய் திறந்து கேட்பதில்லை. ஆனால் அந்தக் கேள்வி அவர்கள் முகத்தில் தெரியும். இத்தனை வருடம் அதைப் பார்த்தும் பாராமலும் இருந்துவிட்டேன். இந்த ஒரு வாரமாகத்தான் அதைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் டீமேக்கரம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் மகள் நடை பழகி, ஓடத் தொடங்கியிருந்த காலம் அது. டிக்கோயாவுக்கு அப்பால் உள்ள இந்தத் தோட்டத்தில் என் கணவர் ஆபீசில் கணக்கு எழுதும் சின்னக் கிளாக்கராக வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. எங்கள் வீட்டுக்கு மேலே, அதே சரிவில், டீமேக்கர் வீடு. தொழிற்சாலையில் தேயிலை ஆக்குவதற்கு அவர்தான் பொறுப்பு; உத்தியோகத்தில் என் கணவருக்கு மிகவும் மேலே உள்ளவர். எங்களுக்குக் கீழே லயங்கள், தொழிலாளர்கள் குடியிருக்கும் ஒற்றை அறை வரிசைகள். லயத்து ஆட்கள் மருந்துக்கோ தொழிற்சாலைக்கோ போக வேண்டுமானால் எங்கள் வாசலையும் டீமேக்கர் வீட்டு வேலியையும் ஒட்டிப் போகும் ஒற்றைப் பாதையில்தான் போக வேண்டும்.

அவர் மனைவி டீமேக்கரம்மா கொட்டகலையில் கடை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர். நல்ல உயரம். சேலைக்கு மேல் ஆண்பிள்ளை ஸ்வெட்டர், காலில் கன்வஸ் சப்பாத்து. பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி யாராவது உச்சுக் கொட்டினால், “இருக்கிற ஒருத்தரு சப்பாத்தத் தேடிக் குடுக்கவே எனக்கு நேரம் பத்தல” என்று சிரித்துவிடுவார். நான் பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படித்தவள் என்று சொல்லிக்கொள்வேன்; ஆனால் அவர் முன்னால் எனக்குச் சரியான வார்த்தை வருவதில்லை.

தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை வேலையை விட்டுத் தன் நாட்டுக்குப் புறப்பட்டபோது மாலைகள் விழுந்தன, மேளம் அடித்தது. பங்களா நாய் மட்டும் கட்டிய இடத்திலேயே கிடந்தது. பெரிய அல்சேஷன். போகிற துரைமார் கிழட்டு நாயைச் சுடச் சொல்லிவிட்டுப் போவது தோட்டங்களில் நடக்கிற காரியம்தான். இதுவோ கிழடும் இல்லை. துப்பாக்கியோடு காவல்காரர் போன அன்று டீமேக்கரம்மா சப்பாத்துக் காலோடு பங்களாவுக்கு ஏறிப் போய், சங்கிலியைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். நாய் அவர் பக்கத்தில் வீட்டு ஆள் மாதிரி நடந்து வந்தது. அன்று இரவு கதவுத் தாழ்ப்பாளை இரண்டு தடவை எழுந்து பார்த்தேன். எங்கள் முற்றத்துக்கும் அவர் முற்றத்துக்கும் நடுவில் இருந்தது ஒரு வரிசை மல்லிகைச் செடி மட்டும்.

லயத்தில் அதற்குக் ‘குட்டித் தொரை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஸ்வெட்டர் போட்ட உத்தியோகத்தர்கள் போனால் வாலை ஆட்டும். மழையில் கொழுந்துக்காரிகள் போனால் வேலி அதிரப் பாயும். ஒருநாள் எங்கள் வாசலில் நின்ற கிழவர் ஒருவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: “தொரை கப்பல் ஏறிட்டாரு. பல்ல மட்டும் இங்க வச்சுட்டுப் போயிருக்காரு.” எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு மகளைத் தூக்கி உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினேன்.

ஆனி மாத மழையில் அது நடந்தது. கீழே லயத்திலிருந்து ஒரு பெண் எங்கள் வீட்டு வேலைக்கு வருவாள். மகள் அவளை அக்கா என்பாள், நாங்களும் அப்படியே அழைக்கப் பழகிவிட்டோம். அவள் தொழிற்சாலைக்குப் போக டீமேக்கர் வீட்டு வேலி ஓரமாக ஏறும்போது நாய் சங்கிலியை அறுத்துக்கொண்டு வந்து கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. தோட்டத்தில் மருந்து கொடுக்கும் மருந்தையா கழுவிக் கட்டுப் போட்டு, டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். வயிற்றில் ஊசி. அவள் தினமும் பஸ்ஸில் போய் வந்தாள். நாயைக் கட்டிப்போட்டு, வெறி பிடிக்கிறதா என்று பார்த்தார்கள், பிடிக்கவில்லை. புதிதாக வந்திருந்த துரை விஷயத்தைக் கேட்டு ஒரே வார்த்தை சொல்லி அனுப்பினார்: இன்னொரு ஆளைக் கடித்தால் சுட்டுவிட வேண்டும்.

இன்னொரு ஆள். அந்த இன்னொரு ஆள் என் மகளாக இருந்துவிடுவாளோ என்றுதான் என் மனம் ஓடியது. யாரையாவது கடித்த பிறகுதான் சுட வேண்டுமா, முன்னாலேயே சுட்டால் என்ன என்று கணவரிடம் கேட்டேன். “இங்க பாரு, அவரு நமக்கு மேல உள்ளவரு. நாம போய்ச் சொல்லி நாயச் சுட்டாங்கன்னா நாளைக்கு ஆபீஸ்ல நான் எப்படி அவரு மூஞ்சியப் பாக்கிறது?” என்றார். அவர் சொன்னது நியாயம்தான். நான் நினைத்ததும் நியாயம்தான். இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் பகல் முழுக்க வாசலுக்கும் குசினிக்குமாக நடந்துகொண்டிருந்தேன். அடுப்பில் பாலை விட்டுவிட்டு மகளைத் தேடி ஓடுவேன், பால் பொங்கி வழியும். போய்ப் பார்த்தால் மகள் பாயில் தூங்கிக்கொண்டிருப்பாள். நாய் குரைத்தால் பயம், குரைக்காவிட்டால் அது எங்கே போனதோ என்று அதைவிடப் பயம்.

டீமேக்கரம்மா ரொட்டியும் சீனியும் எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போய் அக்காவைப் பார்த்தார். உத்தியோகத்தர் வீட்டம்மா ஒருவர் லயத்துக் காம்பராவுக்குள் குனிந்து நுழைந்ததே அங்கே பெரிய செய்தி. திரும்பும் வழியில் எங்கள் வீட்டில் உட்கார்ந்தார்.

“தங்கச்சி, ஒண்ணு யோசிச்சியா? அந்தப் புள்ள வெயில்ல வந்தா நாய் தலையக்கூடத் தூக்கல. மழையில வந்தப்பத்தான் புடிச்சுச்சு. நா அவகிட்டயே கேட்டுட்டேன்.”

எனக்குப் புரியவில்லை.

“கம்பளி. அதுதான் விசயம். பங்களாவுல சப்பாத்துப் போட்டவங்க வந்தா அது சும்மா கெடக்கணும். கம்பளியோட யாராச்சும் மனுக் குடுக்க ஏறி வந்தா கொரைக்கணும். கொரைச்சா எலும்பு. அது படிச்ச பள்ளிக்கூடம் அவ்வளவுதான்.”

“அப்ப அத மாத்தவா முடியும்?” என்றேன்.

“தெரியல. எனக்கு மட்டும் நாய் வளத்துப் பழக்கமா என்ன?”

மறுநாள் அக்காவுக்குப் புதுக் கம்பளி ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டு, அவளுடைய பழைய கம்பளியை அவர் வாங்கிக்கொண்டார். மழை பிடித்ததும் அதைக் கொழுந்துக்காரிகள் போடுவது போலவே தலையில் மடித்துப் போட்டு, பின்பக்கமாகச் சுற்றி வந்து, தன் வீட்டுக் கேட்டைத் தானே திறந்தார். மல்லிகைச் செடிகளுக்கு இந்தப் பக்கம் நின்று நான் பார்த்தேன். தினமும் அவர் கையால் சோறு தின்ற நாய், சங்கிலி முடிகிற இடம் வரை பாய்ந்து வந்து அவரைப் பிடித்தது. கம்பளியின் மூலைதான் பல்லில் சிக்கியது. கம்பளி தடிப்பு, தோலில் படவில்லை. “அடேய், நாந்தாண்டா” என்று அவர் சொன்ன குரலில் கோபம் இல்லை. மனசு விட்டுப்போன ஒரு ஆச்சரியம் இருந்தது. கிழிந்த துண்டு தொங்க, அவர் அங்கேயே குந்தி, கம்பளிக்குள்ளிருந்து ஒரு ரொட்டித் துண்டை எடுத்து நீட்டினார்.

அந்த மழைக்காலம் முழுக்க நாய்க்குச் சோறு கம்பளிக்குள்ளிருந்துதான் வந்தது. அவர் ஸ்வெட்டரோடு வந்தால் அதற்கு ஒன்றும் கிடைக்காது. மற்ற உத்தியோகத்தர் வீட்டம்மாக்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். “டீமேக்கரம்மாவுக்குப் பெரட்டுக் களத்துல பேர் போட்டாச்சா? எந்த மலையில கொழுந்து?” என்று, காலையில் தொழிலாளர் பேர் பதியும் பெரட்டுக் களத்தை இழுத்து, ஒருத்தி நேரிலேயே கேட்டாள். “பேர் போட்டாச்சு. கூடைதான் இன்னும் குடுக்கல” என்றார் அவர். டீமேக்கருக்கு இது பெரிய அவமானம். வீட்டுக்குள் சத்தம் கேட்கும். மறுநாளும் கம்பளி வெளியே வரும்.

நான் மனதுக்குள் அவரை மெச்சினேனா என்றால், இல்லை. அவர் நாயைக் காப்பாற்றுகிறார், என் பிள்ளையை யார் காப்பாற்றுவது என்றுதான் நினைத்தேன். நாய் திருந்துகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க அவரால் முடிந்தது. என்னால் முடியவில்லை.

மூடுபனியும் தூறலுமாக இருந்த ஒரு காலை. அக்கா பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான் அடுப்பில் இருந்தேன். திரும்பிப் பார்த்தபோது மகளைக் காணவில்லை. கதவில் காயப் போட்டிருந்த அக்காவின் புதுக் கம்பளியையும் காணவில்லை. எனக்கு எல்லாம் ஒரேயடியாக விளங்கிவிட்டது. வெளியே ஓடினேன். மல்லிகைச் செடிகளுக்கு அந்தப் பக்கம், டீமேக்கர் வீட்டு முற்றத்தில், ஒரு சின்னக் கறுப்புக் குவியல் தானாக நகர்ந்து போய்க்கொண்டிருந்தது. கம்பளி பின்னால் சேற்றில் இழுபட்டது. நாய் அவிழ்த்து விடப்பட்டிருந்தது.

“தங்கச்சி, ஓடாத. நில்லு. சத்தம் போடாத.”

டீமேக்கரம்மா வாசலில் தட்டோடு நின்றிருந்தார். அவர் சொன்னதற்காக நின்றேனா, கால் ஓடாமல் நின்றேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நாய் எழுந்து வந்தது. குவியலைச் சுற்றியது. மூக்கை உள்ளே நுழைத்தது. மகள் கம்பளிக்குள்ளிருந்து கையை வெளியே விட்டு, வெறும் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். நாய் அதை நக்கிப் பார்த்தது. பிறகு எதிரில் உட்கார்ந்து, ரொட்டி வருமென்று காத்திருந்தது.

டீமேக்கரம்மா மெல்ல நடந்து போய் மகளைக் கம்பளியோடு தூக்கி, மல்லிகைச் செடிகளுக்கு மேலாக என்னிடம் தந்தார். தட்டு அவர் கையிலிருந்து எப்போதோ விழுந்திருந்தது. அவர் விரல்கள் என் மேல் பட்டபோதுதான் அவை நடுங்குவது தெரிந்தது. அதுவரை அவருக்கு எல்லாம் நிச்சயம் என்று நினைத்திருந்தேன்.

“கடிச்சிருந்தா?” என்று கேட்டேன்.

“கடிச்சிருந்தா நானே சுடச் சொல்லியிருப்பேன். அதுக்கப்புறம் ஒன் மூஞ்சில முழிச்சிருக்க மாட்டேன்.”

“நாயக் கட்டுங்க” என்றேன். கணவருக்கு மேல் உள்ளவரின் மனைவியிடம் நான் முதன்முதலாகக் குரலை உயர்த்திப் பேசியது அன்றுதான். “எம்புள்ள வெளிய நிக்கிற நேரமெல்லாம் அது கட்டித்தான் கெடக்கணும்.”

“கட்டுறேன்” என்றார். அன்றிலிருந்து அப்படியே செய்தார். நாய் பிறகு யாரையும் கடிக்கவில்லை. கம்பளியைக் கண்டால் வேலி ஓரம் வந்து உட்காரும். கொழுந்துக்காரிகள் ரொட்டித் துண்டை எறிந்துவிட்டுப் போவார்கள். அது நல்ல காரியம் செய்த அன்றுதான் நான் அதைச் சங்கிலியில் போடச் சொன்னேன். அது சரியா என்று பல தடவை யோசித்திருக்கிறேன். சரிதான் என்று ஒவ்வொரு தடவையும் முடிவு செய்கிறேன். முடிந்தது என்று விட மனம் மட்டும் வருவதில்லை.

டீமேக்கருக்கு வட்டவளைப் பக்கம் மாற்றலானபோது லொறியில் கட்டில், மேசையோடு நாயும் ஏறியது. புறப்படுமுன் டீமேக்கரம்மா எங்கள் குசினிக்குள் வந்து இந்தக் கம்பளியைத் தாமே ஆணியில் மாட்டினார். கிழிசலைத் தைத்திருந்தார். “இவன் இனி மறக்க மாட்டான். எனக்கு வேண்டாம். இங்க எவனாச்சும் இன்னொன்னு வளப்பான், அப்ப எடுத்துக்க” என்றார். நான் சிரித்து வைத்தேன். என்னால் ஆகக்கூடிய காரியம் போல அது தோன்றவில்லை.

மகள் இப்போது நான்காம் வகுப்புப் படிக்கிறாள். அவளுக்குப் பின் பிறந்த தம்பி இப்போதுதான் ஓடத் தொடங்கியிருக்கிறான். மேல் வீட்டில் புது டீமேக்கர், சின்ன வயசு. போன வாரம் அவர் வளர்க்கும் அல்சேஷன் குட்டியைக் காட்டினார். மழையில் ஒரு பெண் கம்பளியோடு போனாள். குட்டி வேலியில் பாய்ந்து குரைத்தது. அவர் பையிலிருந்து பிஸ்கட் எடுத்து அதற்குப் போட்டார். “பாத்தீங்களாக்கா, லயத்து ஆளுங்களக் கண்டா விடமாட்டான்.” நான் தலையை ஆட்டினேன். வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். “அவரு வீட்டு நாய். நமக்கென்ன?” என்றார்.

இன்று காலை மழை பிடித்தது. தம்பியை, இன்றும் எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் கொடுத்து உள்ளே வைத்துக்கொள்ளச் சொன்னேன். கம்பளியை ஆணியிலிருந்து எடுத்தேன். நான் நினைத்ததைவிடக் கனம். தலையில் போட்டதும் ஆட்டு வாடையில் மூச்சு முட்டியது.

“அத ஏம்மா போடுறீங்க? எல்லாரும் சிரிப்பாங்க” என்றாள் மகள்.

“சிரிக்கட்டும்” என்றேன். சிரிப்பார்களே என்றும் நினைத்தேன்.

மேல் வீட்டுக் கேட்டில் கை வைத்தபோது குட்டி உறுமிக்கொண்டு வந்தது. அதன் பல் வெள்ளையாக, சின்னதாக இருந்தது. உள்ளே நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. அவர் என்ன சொல்வாரோ, என் கணவரிடம் என்ன கேட்பாரோ. குந்தி உட்கார்ந்து, கம்பளிக்குள்ளிருந்து ரொட்டியை எடுத்துக் கம்பிக்கு நடுவே நீட்டினேன். கை நடுங்கியது. டீமேக்கரம்மாவின் கையும் நடுங்கியதுதான். அதை நினைத்துக்கொண்டு, கையை இழுக்காமல் வைத்திருந்தேன்.