எனக்காகப் பேச ஒருவர் வேண்டும் என்று கேட்டேன்

மாதாவிடம் நான் பக்தியோடு கேட்கவில்லை, கோபத்தோடுதான் கேட்டேன். அதை மறைத்துச் சாட்சி சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என் பெயர் சபீதா. அப்பாவும் அம்மாவும் ஒடிசாவின் மலைக்கிராமம் ஒன்றிலிருந்து எர்ணாவூருக்குப் பிழைக்க வந்தவர்கள். நான் பிறந்ததும் படித்ததும் இங்கேதான். ஆனாலும் தெருவுக்கு நான் இந்திக்காரி. எதிர்வீட்டு பிலோமினா அக்கா, தண்ணீர் லாரி வரும்போதெல்லாம் எங்கள் குடத்தை வரிசையிலிருந்து காலால் தள்ளிவிடுவார். வீட்டுக்குள் வந்தால், நான் தமிழச்சியாகவே மாறிவிட்டேன் என்று அம்மா ஏசுவாள்.

நான் நர்சிங் இரண்டாம் வருடம் படித்தபோது, ஊரில் கட்டிக்கொடுத்திருந்த என் அக்கா சுனிதா பிரசவத்தில் இறந்தாள். பெண் குழந்தை மட்டும் பிழைத்தது. அம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அடக்கம் முடிந்து திரும்பும் ரயிலிலேயே முடிவைச் சொல்லிவிட்டாள். அக்கா புருஷனை நான் கட்டிக்கொள்ள வேண்டும், படிப்பு போதும் என்றாள். அவளுக்குப் பதில் நீ போயிருக்கலாம் என்றும் சொன்னாள். அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்காவை நினைத்து அழ உட்கார்ந்தால் அவள் மேலேயே ஆத்திரம் வந்தது. செத்தவளிடம் ஆத்திரமா என்று என்னையே வெறுத்தேன்.

கல்யாணத்துக்கு ஊருக்குப் புறப்படும்வரை மட்டும் கல்லூரிக்குப் போக விட்டார்கள். ஒன்பது புதன்கிழமைகள் வகுப்பு முடிந்ததும் பஸ் ஏறி ராயபுரம் மாதா கோவிலுக்குப் போனேன். எனக்காகப் பேச ஒரே ஒருவரை அனுப்பு, இல்லாவிட்டால் இனி உன் முகத்தில் விழிக்கமாட்டேன் என்று செபித்தேன். ஒன்பதாம் புதனும் போனது. யாரும் வரவில்லை. அப்பா ரயில் டிக்கெட் எடுத்துவிட்டார்.

புறப்பட வேண்டிய சனிக்கிழமை காலை, அம்மா என் கல்லூரிச் சீருடையைத் தெருவில் போட்டுக் கொளுத்தினாள். எடுக்கப் பாய்ந்தேன். முடியைப் பிடித்து அடித்தாள். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. அப்போதுதான் பிலோமினா அக்கா இறங்கி வந்தார். அவரும் அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் அம்மாவின் கையைப் பிடித்தார்.

"வுடுமே அவள. ஒரு பொண்ண மண்ணுல வச்சிட்டு வந்துகீற. கீறவளையும் பொதைக்கப் போறியா?"

எங்கள் வீட்டு விஷயம், நீ போ என்று அம்மா தனக்குத் தெரிந்த தமிழில் கத்தினாள்.

"எனக்கும் ஒரு பொண்ணு இருந்துச்சு. படிக்கிறேன்னு கால்ல வுயுந்து அழுதா. நான் கேக்கல, கட்டிக் குடுத்துட்டேன். ஒரே வருசத்துல பொணமா தூக்கினு வந்தேன்."

இத்தனை வருடம் எதிர்வீட்டில் இருந்தும் இது எங்களுக்குத் தெரியாது.

அம்மாவின் கை தளர்ந்தது. எரியும் துணிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, அக்கா பெயரைச் சொல்லி முதன்முறையாக அழுதாள். நானும் அழுதேன். அன்று நாங்கள் ரயில் ஏறவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். அம்மா நான்கு மாதம் என்னிடம் பேசவில்லை. பிலோமினா அக்கா மறுவாரமே தண்ணீருக்குச் சண்டை போட்டார். ஆனால் நான் படித்து முடித்தேன். இன்று திருவொற்றியூரில் நர்ஸாக இருக்கிறேன். அத்தானுக்கும் அந்தக் கல்யாணத்தில் விருப்பமில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அவரையும் யாரும் கேட்டிருக்கவில்லை. அக்காவின் குழந்தை எங்களோடு வளர்கிறாள். என்னைச் சித்தி என்றுதான் கூப்பிடுகிறாள்.

மாதாவுக்கு நன்றி. உங்கள் வீடே உங்களுக்கு எதிராக நின்றாலும் கேளுங்கள். நல்ல வார்த்தை வராவிட்டால் கோபத்தோடு கேளுங்கள். அவள் முகம் சுளிக்கமாட்டாள். யாரை அனுப்புவது என்பதை மட்டும் அவளிடம் விட்டுவிடுங்கள்.