அக்கா கொடுத்த பழுப்புப் பட்டன்

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சின்னக் கடையில், பழைய துணியைப் பிரித்துத் தைப்பதுதான் அவள் வேலை. இடுப்பைக் கூட்டுவாள், கையைக் குறைப்பாள், ஜிப்பு மாற்றுவாள். ஐம்பத்திரண்டு வயது, ஒண்டிக்கட்டை. வருஷத்தில் ஒரு வாரம் கடையைப் பூட்டிவிட்டுத் தோள்பையோடு தனியாகக் கோயில் பார்க்கக் கிளம்பிவிடுவாள். எந்தச் சாமி என்று பார்ப்பதில்லை. செருப்பைக் கழற்றச் சொன்னால் கழற்றுவாள், தலையை மூடச் சொன்னால் மூடுவாள்.

"துணைக்கு ஒரு ஆள் வேண்டாமா?" என்று பக்கத்துச் சலூன்காரர் ஒவ்வொரு வருஷமும் கேட்பார்.

"துணைக்கு வர்றவங்க டீ எங்க கிடைக்கும்னே கேட்டுக்கிட்டிருப்பாங்க. சாமிய மறந்துடுவேன்."

தெரிந்தவர்கள் தங்கள் வேண்டுதலையும் அவளிடம் கொடுத்தனுப்புவார்கள். எழுதி வைத்துக்கொள்ளும் அளவுக்கு அவளுக்குப் படிப்பு இல்லை. அதனால் ஆளுக்கு ஒரு பட்டன் வாங்கிக்கொள்வாள். ஸ்வெட்டரின் வலது பையில் போட்டுக்கொண்டு போய், சாமி முன்னால் ஒவ்வொன்றாக எடுத்து, கொடுத்தவரை நினைத்து வேண்டி, இடது பைக்கு மாற்றுவாள். ஊர் திரும்பியதும் அவரவர் பட்டன் அவரவரிடம் போய்விடும்.

இந்த முறை ஏழு பட்டன். ஏழாவது அவள் அக்காவுடையது. அம்மாவின் தையல் மெஷின் யாருக்கு என்று வந்த வாய்ச்சண்டையில், அக்கா முகம் கொடுத்துப் பேசி இரண்டு வருஷம் ஆகிறது. கிளம்புவதற்கு முதல் நாள் கடை வாசலில் வந்து நின்றாள். வாசற்படி ஏறவில்லை. எட்டிக் கை நீட்டி, பெரிய பழுப்புப் பட்டன் ஒன்றை மேசைமேல் வைத்தாள்.

"வியாழக்கிழமை பத்து மணிக்கு உங்க அத்தானுக்கு ஆபரேஷன். அதுக்குள்ள சொல்லிடு."

"சரிக்கா" என்று இவள் சொல்வதற்குள் போய்விட்டாள்.

வியாழக்கிழமை காலை எட்டரைக்கு அவள் மலைக்கோயில் வரிசையில் நின்றாள். ஊசியாய்க் குத்தும் குளிர். முன்னால் எழுபது வயதுப் பெரியவர் ஒருவர். லாரி ஓட்டி ஓய்ந்தவர் என்று அவரே சொன்னார். அவருடைய கம்பளிக் கோட்டில் நடுப் பட்டன் இல்லை. கோட்டை ஒரு கையால் இழுத்துப் பிடித்திருந்தார்.

"கொஞ்சம் அசையாம நில்லுங்க" என்று ஊசி நூலை எடுத்தாள். அவர் லாரிக் கதை சொன்னார். இவள் ம் கொட்டினாள். கை தன் பாட்டுக்குப் பைக்குள் போனது, கோட்டுக்குப் பொருத்தமான பட்டனை எடுத்தது, தைத்தது, அடியில் நூலை நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டது. பல்லால் நூலைக் கடித்துத் துப்பினாள். முப்பது வருஷப் பழக்கம் மூளையைக் கேட்டுக்கொண்டா வேலை செய்யும்?

உள்ளே போய் ஆறு பட்டனையும் மாற்றிய பிறகு வலது பையைத் துழாவினாள். நூல் பிசிர்தான் இருந்தது. சுவர்க் கடிகாரத்தில் ஒன்பதே கால்.

வெறுங்கையோடு வேண்டலாம்தான். ஆனால் அது தன் வேண்டுதல் ஆகிவிடும், அக்காவுடையது ஆகாது என்று மனசு அடித்துச் சொன்னது. வெளியே வந்தாள். பெரியவர் படியில் உட்கார்ந்து ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயா, அந்தப் பட்டன் எனக்கு வேணும்."

அவர் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார். "தச்சதும் நீங்க, பிரிக்கிறதும் நீங்களா? நானா கேட்டேன்?"

விஷயத்தைச் சொன்னாள்.

"அப்படிப் பாத்தா இது உள்ள போயிட்டுத்தானே வந்திருக்கு, என்கூட."

"நீங்க என்ன வேண்டுனீங்க?"

"இந்த வயசுல என்னத்தக் கேக்கறது? சும்மா நின்னேன்."

"அப்ப சேராது."

அவள் கத்தரிக்கோலைத் தேட, அவர் கட்டிய கயிற்றை அவிழ்த்தார். "பிரிக்காதீங்கம்மா, குளிரும். பட்டனோட நானும் வந்துட்டுப் போறேன்."

மறுபடி வரிசை. சாமி முன்னால் அவள் கோட்டுப் பட்டனை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

"அங்க என்ன ஜேப்படியா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"இல்லப்பா, வேண்டுதல். என் கோட்டு வழியாத்தான் போகுதாம்" என்றார் பெரியவர்.

கண்ணைத் திறந்தபோது பத்துக்கு எட்டு நிமிஷம் இருந்தது. இடது பைக்கு மாற்ற ஒன்றும் இல்லை.

மாலை நாலு மணிக்கு, மலையடிவாரத்தில் பேருந்துக்குக் காத்திருக்கும்போது போன் அடித்தது. அக்கா.

"வெளிய கொண்டு வந்துட்டாங்க. இன்னும் மயக்கத்துலதான் இருக்காரு. சொன்னியா?"

"பத்துக்கு முன்னாலயே சொல்லிட்டேன்க்கா."

"அந்தப் பட்டன் பத்திரம். அவரு கோட்டுலேருந்து வெட்டினது. எழுந்ததும் கேப்பாரு."

"அது இப்ப ஒரு லாரிக்காரர் கோட்டுல இருக்குக்கா" என்று தொடங்கி, ஒன்று விடாமல் சொன்னாள்.

அந்தப் பக்கம் ஆஸ்பத்திரித் தள்ளுவண்டிச் சக்கரம் ஒன்று கிறீச்சிட்டுப் போனது.

"அடியில நூல் சுத்தினியா?" என்றாள் அக்கா கடைசியில்.

"நாலு சுத்து."

"அம்மா அஞ்சு சுத்தச் சொல்லுவா."

அதற்குப் பிறகும் அக்கா போனை வைக்கவில்லை.