கேள்வி கேட்டபின் நின்ற நேரம்

சிதம்பரத்தில் நான் வைத்திருந்த பிரவுசிங் சென்டரில் மூலைக் கேபினுக்கு மட்டும் கதவு கிடையாது. மற்றவற்றுக்கெல்லாம் இடுப்பளவு பிளைவுட் கதவு உண்டு. அதற்குப் பின்னால் கல்லூரிப் பையன்கள் என்ன பார்த்தார்கள் என்பது எனக்கும் தெரியும், அவர்கள் அப்பன்மாருக்கும் தெரியும். மூலைக் கதவை நானேதான் ஸ்குரூ கழற்றி எடுத்துப் பின்பக்கம் சாத்தி வைத்தேன். அண்ணி சனிக்கிழமைகளில் அங்கே வந்து உட்கார ஆரம்பித்திருந்தார். புருஷன் செத்து வருஷம் திரும்பாத பெண், கொழுந்தன் கடையில், கதவு சாத்திய கேபினில் உட்கார்ந்திருந்தாள் என்று ஒரு வாய் சொன்னால் போதும், எங்கள் வீடு இருக்கிற கடலூர் முதுநகர் வரைக்கும் அந்தப் பேச்சு போய்ச்சேர பஸ்கூட வேண்டாம். கதவு எங்கே என்று அண்ணி கேட்டார். கீல் துருப்பிடித்துவிட்டது என்றேன். "நல்லதுதான் தம்பி, காத்து வரும்" என்றார். நம்பவில்லை என்று தெரிந்தது.

அண்ணன் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்த்தார். மழைக்காலத்தில் ஒரு காலை, வேலை முடிந்து பைக்கில் திரும்பும்போது லாரி. அவ்வளவுதான். இதற்குமேல் நீட்டிச் சொல்ல எனக்கு வராது. அந்த வாரத்தில் நினைவிருப்பதெல்லாம் உதவாக்கரை விஷயங்கள். வாடகை நாற்காலிகளில் ஒன்றுக்குக் கால் உடைந்திருந்தது. அண்ணி துக்கத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டுக்கொண்டே இருந்தார். பெரியம்மா ஒருத்தி கரண்டியைப் பிடுங்கி வைத்து, "அழுடி, அழுதுடு" என்று தோளைப் பிடித்து உலுக்கினாள். அண்ணி, "சக்கர போதுமா பெரியம்மா?" என்றார். கோயிலில் பூசை, கல்லறைத் தோட்டம் எல்லாம் முடிந்த இரண்டாம் நாளே துணி துவைத்தார், பரண் ஒழித்தார், மூன்று வருஷமாக யாரும் தொடாத மிக்ஸியைக் கழற்றித் துடைத்தார். அவரைச் சொல்வானேன். நானும் அழவில்லை. பல் பிடுங்குமுன் ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தோம், வீட்டில் எல்லோருமே.

எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் பங்குக் கோயிலைச் சேர்ந்த பள்ளி. அரசு உதவி பெறுகிற பள்ளிதான், ஆனால் அண்ணி அங்கே தற்காலிக டீச்சர். அந்த வருஷம் அறிவியல் டீச்சர் ஒருவர் ஓய்வுபெற, நிரந்தர இடம் ஒன்று காலியானது. அது கிடைத்தால் அண்ணி முதுநகரிலேயே, எங்கள் வீட்டிலேயே, தன் சொந்தக் காலில் நிற்கலாம். கிடைக்காவிட்டால் பிறந்த வீடு, குமராட்சி. அவருடைய அண்ணன் காரியத்தன்றே சொல்லிவிட்டுப் போயிருந்தார்: "வயசுப் பொண்ணு, இங்க எந்த உரிமையில இருப்பா? நாங்க கூட்டிட்டுப் போறோம்." கூட்டிப் போவதென்றால் அந்த அண்ணனுடைய பெண்டாட்டியின் அடுப்படிக்குத்தான். அதை அண்ணி ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை. என்னிடம் கேட்டது இதுதான்: "தம்பி, டீச்சருங்களுக்கு, எப்டி பாடம் நடத்துறதுன்னு, நெட்ல ஏதாச்சும் வருமா?"

வந்தது. கொட்டிக் கிடந்தது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஆசிரியர்களுக்கென்றே பக்கம் பக்கமாகப் போட்டு வைத்திருந்தன. பிள்ளை எப்படிக் கற்கிறது, ஏற்கெனவே தெரிந்ததோடு புதியதை எப்படிக் கோத்துக்கொள்கிறது, எங்கே கைகொடுக்க வேண்டும், எங்கே கையை எடுத்துக்கொள்ள வேண்டும் என்றெல்லாம். "இதெல்லாம் ட்ரெய்னிங்ல மனப்பாடம் பண்ணி எழுதுனதுதான் தம்பி. திங்கக்கெழம கிளாஸுக்குள்ள போயி என்னா பண்ணணும்னு அப்ப யாரும் சொல்லல" என்றார். ஒரு பக்கம் திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம், பாதி திறந்ததும் கரண்ட் போகும். அண்ணி அலுத்துக்கொண்டதே இல்லை. ஆங்கிலத்தில் தடுமாறும் இடத்தில் என்னைக் கூப்பிடுவார். என் ஆங்கிலம் கீபோர்டில் உள்ள அளவுக்குத்தான். இருவரும் சேர்ந்து டிக்‌ஷனரியைப் புரட்டுவோம். "வெள்ளக்காரன் கிளாஸுல பத்துப் பிள்ளைங்க இருக்கும் அண்ணி, உங்களுக்கு பெஞ்சு பிதுங்குது" என்று நான் நக்கலடிப்பேன். "பிதுங்குனாலும் பிள்ளைங்கதான?" என்பார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அப்படி ஒரு சனிக்கிழமை கிடைத்ததுதான் அந்தப் பக்கம். அதில் இருந்தது மிகச் சின்ன விஷயம். கேள்வி கேட்டதும் ஆசிரியர் வாயை மூடிக்கொண்டு சில விநாடி நிற்க வேண்டும். பிள்ளை பதில் சொன்ன பிறகும் உடனே சரி, தப்பு என்று பாயாமல் மறுபடி நிற்க வேண்டும். அந்தச் சும்மா இருக்கும் நேரத்தில்தான் பிள்ளைகள் யோசிக்கிறார்களாம். எனக்குச் சிரிப்பு வந்தது. இதைக் கண்டுபிடிக்க ஒரு பல்கலைக்கழகமா? ஆனால் எங்கள் பக்கத்து வகுப்பறைகளைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். இங்கே டீச்சர் பாதி வார்த்தை சொல்வார், மீதியைப் பிள்ளைகள் கத்துவார்கள். "தாவரம் உணவு தயாரிப்பது ஒளிச்சேர்க்..." என்று இழுத்தால் "கை!" என்று ஓடு அதிரும். அந்தச் சத்தம் தெரு வரைக்கும் கேட்டால் நல்ல டீச்சர். சத்தம் இல்லாத வகுப்பு என்றால் டீச்சர் லீவு என்று அர்த்தம்.

அண்ணி அந்தக் கத்தலை நிறுத்தினார். கேள்வி கேட்டுவிட்டு நிற்பாராம். முதலில் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்களாம், ஒருத்தி எழுந்து "டீச்சர், மறந்துட்டீங்களா?" என்றாளாம். சில வாரங்களில் பழகிவிட்டது. "சும்மா நிக்கிறது கஷ்டமா இருக்குது தம்பி. முந்தானைக்குள்ள வெரல் விட்டு எண்ணிகிட்டே நிப்பேன். எண்ணி முடிக்கறதுக்குள்ள எவனாச்சும் ஒருத்தன் வாயத் தொறந்துடுறான்" என்று பஸ் ஸ்டாண்டில் சொன்னார். அண்ணன் போன பிறகு அவர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சத்தை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நேர்காணல் என்றால் அந்தப் பள்ளியில் மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும். பள்ளியின் தாளாளர் எங்கள் பங்கு ஃபாதர்தான். அவரும் தலைமையாசிரியையும் பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். தொட்டிச் செடியையும் ஒரு விறகுக் கட்டையையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனவன் நான், அதனால் வராந்தா ஜன்னலோரம் நின்று பார்த்தேன். அண்ணி ஒரு புளியங்கொட்டையை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். கட்டையைத் தூக்கி மேசையில் வைத்தார். "வெத இத்தனூண்டு. மரம் இம்மாம் பெரிசு. இந்தக் கனம் எல்லாம் எங்கேருந்து வந்துச்சு?"

கேட்டுவிட்டு நின்றார். பிள்ளைகளும் பழகியபடி வாய் திறக்காமல் யோசித்தார்கள். மின்விசிறிச் சத்தம் மட்டும். தலைமையாசிரியை கைக்குட்டையை எடுத்தார். ஃபாதர் நல்ல மனிதர், அதில் எனக்கு இன்றுவரை சந்தேகமில்லை. எங்கள் வீட்டு அடக்கப் பூசையில் குரல் தழுதழுத்தவர். அவரால் தாங்க முடியவில்லை. அண்ணிக்குப் பாடம் மறந்துபோய்விட்டது என்று நினைத்து, பின்னாலிருந்தே மெதுவாக எடுத்துக்கொடுத்தார்: "மண்ணுலேருந்து. இல்லையா டீச்சர்?"

தப்பான பதில். முக்கால்வாசிக் கனம் காற்றிலிருந்து வருகிறது என்பதுதான் அன்றைய பாடமே. ஆனால் ஃபாதரே சொல்லிவிட்டாரே! வகுப்பு மொத்தமும் "மண்ணுலேருந்து டீச்சர்!" என்று கத்தியது. இப்போது அண்ணி என்ன செய்வார் என்று ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அண்ணி ஒன்றும் செய்யவில்லை. நின்றார். பதிலுக்குப் பிறகும் நிற்க வேண்டும் என்று அந்தப் பக்கத்தில் படித்தது எனக்கு ஞாபகம் வந்தது. ஐயோ, இப்போதா அண்ணி என்று மனசுக்குள் கத்தினேன். அவர் நின்றுகொண்டே இருந்தார். தலைமையாசிரியை எழுந்துபோய்த் தோளைத் தொட்டு நாற்காலியில் உட்காரவைத்தார். யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

அடுத்த வாரம் ஃபாதர் வீட்டுக்கே வந்தார். "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடும்மா. மனசு தெளியட்டும். அடுத்த வேகன்சி வர்றப்ப பாப்போம்" என்று அண்ணி தலையில் கை வைத்து ஜெபம் செய்தார். அண்ணி அவருக்கும் டீ போட்டுக் கொடுத்தார். மாதம் முடிவதற்குள் குமராட்சி அண்ணன் வந்து கூட்டிப் போனார். எனக்குக் கோபம் பிற்பாடுதான் வந்தது, வந்தது போகவே இல்லை. பாடம் நடத்தத் தெரிந்த ஒரே டீச்சரை, பைத்தியம் பிடித்தவள் மாதிரி தண்ணீர் கொடுத்து உட்காரவைத்த கூட்டம் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் திட்டித் தீர்த்தேன். பூசைக்குப் போவதையும் நிறுத்தினேன்.

வருஷங்கள் கழித்து, 2012-இல் என் கடைக்கு வாத்தியார் ஒருவர் பயிற்சிக் கையேடு ஒன்றைப் பிரிண்ட் எடுக்க வந்தார். தமிழிலேயே இருந்தது. கேள்வி கேட்டபின் காத்திருங்கள், பதிலுக்குப் பின்னும் காத்திருங்கள் என்று கொட்டை எழுத்தில். இப்போது எல்லாப் பள்ளியிலும் இதைத்தான் சொல்கிறார்களாம். எனக்கென்று ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, கடையைச் சாத்திவிட்டு மினி பஸ் பிடித்துக் குமராட்சிக்குப் போனேன். அண்ணி அங்கே ஒரு சின்ன நர்சரிப் பள்ளியில் டீச்சராக இருந்தார். முன்நெற்றியில் நரை. தாளை நீட்டினேன். "பாருங்க அண்ணி. நீங்க பண்ணதுதான் கரெக்டு. அன்னைக்கே 'நான் வெயிட் பண்றேன் ஃபாதர்'னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

அண்ணி நிதானமாக முழுவதும் படித்தார். மடித்து என்னிடமே கொடுத்தார்.

"மொத தடவ வெயிட்தான் பண்ணேன் தம்பி. எண்ணிகிட்டு இருந்தேன். ஃபாதரு தப்பா சொன்னதும் எண்ணுறது வுட்டுப்போச்சு. ஒங்க அண்ணன் போனதுலேருந்து நான் ஒண்ணுமே பண்ணாம சும்மா நின்னது அப்பதான். நின்னப்பதான் அவுரு இனிமே வரமாட்டாருன்னு தெரிஞ்சுது. அப்புறம் கேள்வி எங்க ஞாபகம் இருக்கும்?"