எதிர்ச்சரிவின் விளக்கு

நான் பேசக் கற்றது மேடையில் அல்ல. பூண்டுப் பாத்தியின் வரப்பில். மலைக் கிராமமான பள்ளங்கிப் பக்கம் எங்கள் தோட்டம் படிபடியாக இறங்கி ஓர் ஓடையில் முடியும். ஓடைக்கு அப்பால் ஏறுகிற சரிவில் என் நண்பனின் வீடு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து இந்த மலையில் குடியேறிய குடும்பம் அவனுடையது. பள்ளியில் எந்தப் பேச்சுப் போட்டிக்கும் இருவரும் சேர்ந்தே பெயர் கொடுத்தோம். எப்போதும் எதிரெதிர் அணியில்.

மாலையில் பனிமூட்டம் இறங்கும் நேரமே எங்கள் பயிற்சி நேரம். நான் வரப்பில் நின்று பேசுவேன். அவன் தன் வாசலில் நின்று கேட்பான். காட்டுமாட்டை விரட்ட அவன் அப்பா வைத்திருந்த பெரிய டார்ச் அவன் கையில் இருக்கும். என் வாக்கியம் முழுதாகக் காதில் விழுந்தால் அதை ஒருமுறை மினுக்குவான். பாதியில் பனியில் கரைந்துவிட்டால் சரிவு இருட்டாகவே இருக்கும். நான் மறுபடியும் சொல்ல வேண்டும். பிறகு அவன் பேசுவான், நான் விளக்குக் காட்டுவேன். ஒலிபெருக்கி பழுதான அரங்குகளிலும் கடைசி வரிசைவரை என் குரல் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதற்கான முழுப் பயிற்சியும் அந்த ஒற்றை மினுக்கலை நோக்கி நடந்ததுதான்.

எங்களுக்கு இன்னொரு வழக்கமும் இருந்தது. மேடையில் ஒருவரை ஒருவர் கிழித்துத் தொங்கவிடுவோம். இறங்கியதும் ஒரே டீயை இரண்டு தம்ளரில் ஆற்றிப் பங்கிட்டுக் குடிப்போம். “இன்னைக்கு என்னையக் கொன்னுட்ட மாப்ள” என்பான், தோற்றவன் நானாக இருந்தாலும். டீ முடியும்போது, மேடையில் சொன்ன எதுவும் எங்களுக்கிடையில் மிஞ்சியிருக்காது.

கல்லூரிப் படிப்புக்கு நான் மதுரை சென்றேன். அவன் மலையிலேயே தங்கி, வீட்டின் மேல் தளத்தில் சுற்றுலா வருவோருக்கு அறைகள் கட்டினான். படிப்பு முடிந்து நான் திரும்பியபோது எதிர்ச்சரிவு முழுவதும் விளக்குப் பலகைகள் முளைத்திருந்தன. கீழேயிருந்து வந்தவர்கள் கட்டிய விடுதிகள், கூடாரங்கள், சாக்லேட் கடைகள். எல்லாவற்றுக்கும் நடுவில், என் சன்னலுக்கு நேர் எதிரே, நண்பனின் பலகை. “ரூம் இருக்கு” என்ற எழுத்துகள் சிவப்பாகி, பச்சையாகி, நீலமாகி, ஒரு கணம் அணைந்து மீண்டும் எரியும். பனி இறங்கினால் பனியும் அந்த நிறங்களை உடுத்திக்கொள்ளும்.

ஊர் திரும்பிய மாலையில் வரப்பில் நின்று பழைய உரையொன்றைத் தொடங்கினேன். பலகை மினுக்கியது. வாக்கியத்தை முடிக்குமுன் மீண்டும் மினுக்கியது. நான் வாயை மூடிய பிறகும் அது மினுக்கிக்கொண்டே இருந்தது. யாரும் கேட்காதபோதும் ஆமோதிக்கிற ஒரு விளக்கின் முன்னால் நான் நெடுநேரம் நின்றேன்.

கிராம சபைக் கூட்டம் வந்தது. மினுக்கும் பலகைகளை நிறுத்த வேண்டுமென்று தீர்மானம் கொண்டுவந்தேன். எங்களுக்குள் இருந்த எந்தக் கருத்து வேறுபாடும் மேடையில்தான் தீர்ந்திருக்கிறது. இதையும் அங்கேயே தீர்க்க நினைத்தேன். இரவுப் பறவைகளின் தடுமாற்றத்தைச் சொன்னேன்; உறக்கம் கெட்ட குழந்தைகளைச் சொன்னேன்; மலையைக் காண வருகிறவர்களுக்கு மலையை மறைத்துவிட்டு நாம் எதைக் காட்டப் போகிறோம் என்று கேட்டேன். விடுதி முதலாளிகள் யாரும் வந்திருக்கவில்லை. எதிரணி என்று சுட்ட எனக்கு முன்னால் இருந்தவன் நண்பன் ஒருவன்தான். ஆகவே அவன் பக்கம் கை நீட்டினேன்: “விளக்கு வைத்து விட்டில் பிடிப்பது போல் விருந்தாளி பிடிக்கிறார் என் நண்பர்!” கூட்டம் குலுங்கிச் சிரித்தது. மைக்கை அவனிடம் நீட்டினேன். அவனிடமிருந்து கூர்மையான ஒரு பதிலடியை எதிர்பார்த்தேன். உண்மையில், அதைக் கேட்க ஏங்கினேன்.

அவன் மைக்கை வாங்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே தலைவரைப் பார்த்துப் பேசினான்.

“அவன் சொல்றது சரிதாங்க. நல்லாத்தான் பேசுறான். எங்க வீட்டு லைட்டு கண்ணக் குத்துதுன்னா ஓடையத் தாண்டி வந்து சொல்லிருக்கலாம். மைக்க வச்சா சொல்லணும்?”

அதற்கும் சிலர் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. தீர்மானம் நிறைவேறியது, பெரியவர்கள் சிலர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். நான் வழக்கமான டீக்கடைக்குச் சென்று ஒரு டீயும் இரண்டு தம்ளரும் கேட்டேன். கடைக்காரர் ஆற்றிப் பிரித்து வைத்தார். ஒன்றில் ஆடை படிந்தது. “இன்னொருத்தர் வருவாரா தம்பி?” என்று கடைக்காரர் கேட்டார். வருவான் என்றேன். கூட்டம் முழுவதும் கலைந்து அந்தச் சாலையிலேயே கடந்து போனது. அவன் வேறு வழியில் போயிருந்தான்.

அன்று பொழுது சாய்ந்ததும் சன்னலைத் திறந்தேன். விடுதிகளின் பலகைகள் எல்லாம் வழக்கம்போல எரிந்தன; தீர்மானத்தை யாரும் முதலாளிகளிடம் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை, சேர்த்திருந்தாலும் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். நிறங்களின் நடுவில் ஓரிடம் மட்டும் கருத்துக் கிடந்தது. அந்தச் சரிவு முழுவதிலும் என் பேச்சுக்குக் காது கொடுத்தவன் அவன் ஒருவன்தான்.

சில நாட்கள் கழித்து ஒரு மாலை, பனி அடர்ந்திருந்தது. வரப்பை ஒட்டிய சாலையில் வெளியூர்க் கார் ஒன்று மெதுவாக வந்து என்னருகே நின்றது. பின்னிருக்கையில் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. ஓட்டி வந்தவர் நண்பனின் விடுதியின் பெயரைச் சொல்லி, போர்டே கண்ணில் படவில்லையே என்றார். மேலும் கீழுமாக வெகுநேரம் சுற்றியிருக்கிறார்கள்.

நான் எதிர்ச்சரிவின் இருட்டைக் காட்டினேன். பாலத்தைத் தாண்டி, மண்பாதையில் ஏறச் சொன்னேன்.

“யாரு வழி சொன்னாங்கன்னு கேட்டா என்ன சொல்லட்டுங்க?”

எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் ஆயத்தமின்றிப் பேசுகிறவன் நான். என் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. “கேட்க மாட்டாங்க” என்றேன்.

கார் பாலத்தைக் கடந்து வளைவில் மறைந்து, மறுபுறம் ஏறியது. கருத்த இடத்திலிருந்து ஒரு டார்ச் வெளிச்சம் வெளியே வந்தது. மண்பாதையின் ஓரங்களைத் தொட்டுக் காட்டியது. காருக்கு முன்னே ஏறிப் போனது. நான் வரப்பில் நின்றேன். அது என் பக்கம் திரும்பவில்லை. கார் முற்றத்தில் நின்றதும் அணைந்தது.