வாசலில் கார் நிற்காத வீடு

அண்ணனின் இந்த நினைவு மலரில் எழுத எனக்குத் தகுதி கிடையாது. கொள்ளேகாலில் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். நாலு பேர் முன்னால் பேசியும் பழக்கமில்லை. ஆனால் அண்ணனைப் பற்றி எழுதத் தெரிந்தவர்கள் இந்த ஒரு வருடமாக வேறு ஒன்றைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதனால் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது கொள்ளேகாலில். அப்பா தவறியபோது அவருக்குப் பதினேழு வயது. மைசூருக்கு வந்து ஆலையில் மூட்டை தூக்கினார். என்னைக் கட்டிக்கொடுத்து, சூப்பர்வைசர் ஆன பிறகுதான் அங்கேயே அக்ரஹாரம் பகுதியில் சிறிய வீடு ஒன்றை வாங்கினார். ஆலையில் கார் கடன் தர முன்வந்தபோது, வாங்கலாமா என்று அண்ணியிடம் கேட்டார்.

"வாசல்ல கார் நின்னா பூக்காரம்மா எங்கே உக்காருவாங்க?" என்றார் அண்ணி.

அண்ணன் மறுபேச்சில்லாமல் விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மைசூரிலேயே விஜயநகரில் இருக்கும் சித்தப்பா பார்க்கும்போதெல்லாம், "என்னப்பா, இன்னிக்கும் நடராஜா சர்வீஸ்தானா?" என்பார். "ஆமாங்க சித்தப்பா, பெட்ரோல் ஏறுனா எனக்கு என்னங்க," என்று அண்ணன் சிரிப்பார். அதே சித்தப்பாவின் கண் ஆபரேஷனுக்கு நான்கு நாள் நடந்தே சோறு கொண்டுபோனவர் அவர்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அண்ணனுக்கு நெஞ்சு வலித்தது. பூக்காரம்மா கூடையைப் போட்டுவிட்டு ஓடி, முக்கில் நின்ற ஆட்டோவைக் கூட்டிவந்தார். பத்தே நிமிடத்தில் ஆஸ்பத்திரி. சரியான நேரத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று டாக்டர் என்னிடமே சொன்னார். அதன்பின் அண்ணன் ஆறு நாள் இருந்தார். ஆறு நாளும் நான் கொள்ளேகாலிலிருந்து பஸ்ஸில் வந்து போனேன். விஜயநகரில் நம் உறவில் நான்கு வீட்டில் கார் இருக்கிறது. ஒருவரும் வரவில்லை. எஸ்.டி.டி. பூத்திலிருந்து சித்தப்பாவைக் கூப்பிட்டேன்.

"வரணும்னுதாம்மா இருக்கோம். அங்கே கார் நிறுத்த எடமே இல்லையாமே."

ஏழாம் நாள் அண்ணன் போய்விட்டார். அன்று அண்ணன் வீட்டுக் குறுகிய தெருவில் எல்லாக் காருக்கும் இடம் கிடைத்தது. பூக்காரம்மா உட்காரும் இடத்தில்தான் முதல் கார் நின்றது. இறங்கியவர்கள் சொன்னார்கள்: "வீட்ல ஒரு கார் இருந்திருந்தா மனுஷன் பொழைச்சிருப்பார்."

அண்ணி அன்றிலிருந்து சோறு தொடவில்லை. கஞ்சித் தண்ணீர் மட்டும்தான். "நான்தானே வேண்டாம்னேன்," என்பார். நான் என்ன சொல்லியும் கேட்கவில்லை.

பதினாறாம் நாள் பந்தியில் சித்தப்பா, கார் இருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்பதையே மறுபடியும் சொன்னார். அண்ணி கதவோரம் நின்றிருந்தார். நான் சாம்பார் வாளியைக் கீழே வைத்தேன்.

"ஆறு நாள் உசுரோட இருந்தாருங்க சித்தப்பா. கார் இல்லாமலே அவர் நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்கு வந்துட்டார். கார் இருந்தும் நீங்கதான் வந்து சேரலை."

சித்தப்பா பாதி இலையில் எழுந்துகொண்டார். பெரியவரை அப்படிப் பேசலாமா என்று இன்றும் கேட்கிறார்கள். இதை எழுதுவதற்குத்தான் மன்னிப்புக் கேட்டேன். அன்று சொன்னதற்குக் கேட்கமாட்டேன்.

பூக்காரம்மாவுக்கும், ஆட்டோக்காரருக்கும், ஆறு நாளும் வெந்நீர் கொண்டுவந்து கொடுத்த வார்டு ஆயாவுக்கும், கடைசி வரை தோள் கொடுத்து நடந்த தெருக்காரர்களுக்கும் எங்கள் வணக்கம்.

அந்தப் பதினாறாம் நாளுக்கு மறுநாள் காலை, அண்ணி இரண்டு இட்லி சாப்பிட்டார். நான் ஒன்பது மணி பஸ்ஸில் ஊர் திரும்பினேன்.